எல்டர் வேலியும் உட்குடைந்த வில்லும்

இங்கிலாந்தில் வயல்களைச் சுற்றி முட்செடிகளை நெருங்க நட்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை அவற்றின் கொம்புகளை அடியில் பெரும்பங்கு வெட்டிச் சாய்த்துப் பின்னி, ஆடுமாடு புகாத உயிர்வேலியாக்குவது நெடுநாளைய வழக்கம். அவ்வேலிகளில் எவரும் நடாமலே தோன்றும் செடி எல்டர் என்பது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை எச்சமாக இட, அது ஹாத்தார்ன் என்னும் முட்செடிகளின் நடுவே முளைத்து, அவற்றினும் விரைவாய் ஓங்கி, தன் நிழலால் அவற்றை நலியச் செய்கின்றது. தனக்கோ முள் இல்லை; சாய்த்துப் பின்னினால் அடர்ந்து நிற்பதுமில்லை. அது நின்ற இடம் நாளடைவில் ஆடு நுழையும் சந்தாகிவிடும். ஆதலின் வேலி கட்டுவோர் எல்டரைக் கண்ட இடத்திலேயே வேரோடு களைய வேண்டுமென்பர். வேலியைப் பொறுத்தவரையில் அவர் கூற்று முற்றிலும் சரியே. ஆனால் வேலிக்கு உதவாதது என்னும் பழியோடு, மரமே எதற்கும் உதவாதது என்னும் பழியும் சேர்ந்துகொண்டது. இவ்விரண்டாவது பழி நியாயமானதன்று. அண்மைக் காலத்தில் ஐரோப்பாவில் கையால் மரவில் செய்வோர் சிலர், இம்மரத்தைப் பிளந்து உட்புறத்தைக் குடைந்து நல்ல விற்களைச் செய்து வருகின்றனர். களையென்று எரிக்கப்படும் ஒரு மரம் எவ்வாறு வில்லாகிறது என்பதும், அக்குடைவினால் விளையும் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்பதும் ஆராயத்தக்கவை.

எல்டர் பெரும்பாலும் புதராகவும், சிலவிடங்களில் 20, 30 அடி உயரமுள்ள சிறு மரமாகவும் வளர்வது. தழைச்சத்து மிகுந்த மண்ணை அது விரும்பும். அதனால் மாட்டுத்தொழுவங்களின் புறத்திலும், குப்பைமேடுகளிலும், பாழடைந்த வீடுகளின் அருகிலும் அதனைத் தவறாமல் காணலாம். வெண்ணிறப் பூங்கொத்துக்களிலிருந்து மணமுள்ள பானகமும், நன்கு பழுத்த கருநிறப் பழங்களிலிருந்து ஒருவகை மதுவும் செய்வர். இலை, பட்டை, காய் ஆகியவற்றில் நஞ்சு உண்டு. இலையைக் கசக்கினால் எழும் நாற்றம் அருவருக்கத்தக்கது. கால்நடைகளும் முயல்களும் அதனைப் பெரும்பாலும் தொடுவதில்லை. டென்மார்க்கு முதலிய நாடுகளில் அம்மரத்தில் ஒரு தாய்த் தெய்வம் உறைவதாகவும், அவளிடம் அனுமதி பெறாமல் வெட்டலாகாதென்றும் ஒரு நம்பிக்கை வழங்கி வந்தது. வேலிக்காரரின் அரிவாளுக்கு அந்நம்பிக்கை பெரிய தடையாயிருந்ததாகத் தெரியவில்லை.

இச்செடியின் இளங்கொம்பை ஒடித்துப் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது அதன் உள்ளிருக்கும் வெண்மையான சோறு. நம் நாட்டு நெட்டியைப் போன்று பஞ்சினும் இலகுவான பொருள் அது. ஐரோப்பியச் சிறுவர் அதனைக் குத்தி வெளியே தள்ளிவிட்டுக் கொம்பை வெடிக்குழலாக்கி விளையாடுவர். கடிகாரம் பழுது பார்ப்போர் தம் நுண்கருவிகளைத் துடைக்கவும், தாவர நூலார் இலையையும் வேரையும் மெல்லிய சீவல்களாக நறுக்கும்பொழுது பிடிப்பாகக் கொள்ளவும் அச்சோறு பயன்பட்டு வந்தது. மின்சாரத்தைப் பற்றிய பாடத்தில் பட்டு நூலில் தொங்கவிடப்பட்டு ஆடும் சிறு உருண்டையும் பெரும்பாலும் எல்டர்ச் சோறே.

ஆக, எல்டர் என்றவுடன் யாவர் மனத்திலும் தோன்றுவது உள்ளீடற்ற ஒரு குழல். மரத்தைப் பற்றிய இகழ்ச்சி இவ்விளங்கொம்பைக் கண்டு எழுந்ததேயாம். கொம்பு பருக்கும்பொழுது சோறு பருப்பதில்லை. முதலாண்டில் அமைந்த அளவிலேயே அது நின்றுவிட, அதனைச் சுற்றி ஆண்டுதோறும் புதிய மரம் வளையம் வளையமாய்ப் படிகின்றது. பத்தாண்டுக் கொம்பில் சோறு நடுவே ஒரு மெல்லிய கோடு போலாகிவிடும். அதனைச் சூழ்ந்த மரமோ மஞ்சள் கலந்த வெண்ணிறமாய், நெருங்கிய இழையுடையதாய், கடினமாயிருக்கும். சீப்பு, வலைபின்னும் ஊசி, செருப்புத் தைப்போர் அடிக்கும் மர ஆணி முதலிய சிறு பொருள்கள் பழைய நாளில் அம்மரத்தாற் செய்யப்பட்டன. மெலிந்த மரமாயின் இவற்றுக்கு ஏலாது.

வில்லுக்கு யூ மரமே மரம் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. இழுபடுவதைத் தாங்கும் வெண்மரமும், நசுங்குவதைத் தாங்கும் சிவந்த வயிரமும் இயற்கையிலேயே அடுத்தடுத்து அமைந்த மரம் அது. 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் இங்கிலாந்துப் போர்க்கப்பலிற் கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் யூ மரத்தாலானவை. ஆனால் இந்த ஒரு மரத்தின் மேலிருந்த வேட்கைக்குக் காடுகள் கொடுத்த விலை சிறிதன்று. 1472-ல் இங்கிலாந்தின் சட்டம், வெளிநாட்டுச் சரக்கைக் கொணரும் கப்பல்கள் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்மரங்களைக் கொண்டுவர வேண்டுமென்று விதித்தது. நூரம்பெர்க் வணிகர்கள் உரிமை பெற்றுப் பவேரியா, ஆஸ்திரியா மலைகளிலிருந்து யூ மரங்களை வெட்டி அனுப்பினர். மிகவும் மெதுவாய் வளரும் மரமாதலால் வெட்டிய இடம் நிரம்பவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அம்மலைகளில் வில்லுக்கேற்ற யூ அருகிப்போயிற்று. இன்னொன்றும் விவசாயிகள் நோக்கத்தக்கது. யூ மரத்தின் தழை ஆடுமாடுகளையும் குதிரைகளையும் கொல்லும் நஞ்சு. மேய்ச்சல் நிலத்தோரம் அதனை நட்டு வளர்க்க எந்தக் குடியானவனும் துணியான்.

எளிய மரங்களின் பக்கம் அக்காலத்தாரும் திரும்பாமலில்லை. எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டமொன்று, வில் செய்வோர் யூ விற்களோடு எல்ம், ஆஷ், ஹேசல் முதலிய மரங்களிலும் விற்கள் செய்யவேண்டுமென்று பணித்தது. 1545-ல் வில்வித்தையைப் பற்றி டாக்ஸோஃபிலஸ் என்னும் நூலை எழுதிய ரோஜர் ஆஸ்கம் என்பார், எல்மையும் ஆஷையும் வில்லுக்குத் தாழ்ந்த மரங்களென்றே வைத்தார். எல்டரை அவர் அம்பு செய்யும் மரங்களின் வரிசையில் மட்டும் சேர்த்தார். அவர் தீர்ப்பு அக்காலத்து இங்கிலாந்து வில்லின் வடிவத்துக்குச் சரியானது. குறுகித் தடித்த அவ்வடிவத்தில் யூவை ஒப்பது வேறில்லை. ஆனால் டென்மார்க்கில் ஹோம்கார்டு என்னும் சதுப்பு நிலத்தில் 1944-ல் கண்டெடுக்கப்பட்ட சுமார் 9,000 ஆண்டுப் பழமையுள்ள விற்கள், ஆஸ்கம் தாழ்த்திய எல்ம் மரத்தாற் செய்யப்பட்டவை. அவற்றின் கைகள் அகன்று தட்டையாயிருக்கின்றன. மரம் மாறினால் வடிவமும் மாறவேண்டும் என்பதை அப்பண்டை வேடர் அறிந்திருந்தனர். 1991-ல் ஆல்ப்ஸ் பனிமலையிற் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலோடு இருந்த வில் யூ மரத்தது. அதுவும் செய்து முடியாதது. அவன் அம்புகளோ எல்டரின் குடும்பத்தைச் சேர்ந்த வைபர்னம் என்னும் புதர்ச்செடியின் கொம்புகள்.

உட்குடைவின் பயனை அறியுமுன் வில் வளையும் முறையைச் சிறிது நோக்க வேண்டும். வில்லின் இலக்கு நோக்கிய புறத்தை முதுகென்றும், எய்பவனை நோக்கிய புறத்தை வயிறென்றும், பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளைக் கைகளென்றும் கொள்ளலாம். நாணை இழுக்கும்பொழுது முதுகு நீள்கிறது, வயிறு குறுகுகிறது. நடுவே நீளாமலும் குறுகாமலும் ஓரடுக்கு உண்டு. அவ்வடுக்குக்கு அருகிலுள்ள மரம் வேலை செய்வது மிகவும் குறைவு. தட்டையான ஒரு பலகையின் கனத்தை நான்காகப் பகுத்தால், நடுவிலுள்ள இரண்டு பங்கும் சேர்ந்து வளைவை எதிர்க்கும் ஆற்றல் மொத்தத்தில் எட்டிலொரு பங்கே. எடையோ சரிபாதி. இந்தச் சோம்பேறி எடையையும் நாண் விடுபட்டவுடன் கைகள் சுமந்தோட வேண்டும். கைகளின் ஓட்டத்திற் செலவாகும் சக்தி அம்பைச் சேராது.

வேலிகளில் எளிதாய்க் கிடைப்பவை இரண்டு மூன்று அங்குலம் பருமனுள்ள கொம்புகள். இத்தகைய கொம்பைப் பாதியாய்ப் பிளந்தால் முதுகு மிகவும் உருண்டிருக்கும். அவ்வுருண்ட முதுகின் உச்சியில் ஓடும் குறுகிய பட்டையே இழுப்பு முழுவதையும் தாங்க நேரிடுகிறது. சிறுகொம்பு வில் முதுகில் முறிவதற்கு இதுவே முதற் காரணம். முதுகைச் சீவித் தட்டையாக்கினால் இழைகள் அறுபட்டு இன்னும் எளிதில் முறியும். எனவே முதுகை இயற்கை விட்டபடியே விட்டு, வயிற்றை நடுவில் நீளவாட்டில் குடைகின்றனர். குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஓடு கவிழ்த்தது போன்ற தோற்றம் அமையும். அப்பொழுது அசையா அடுக்கு முதுகை நோக்கி நகர்கிறது, உச்சியின் மேலுள்ள இழுப்புக் குறைகிறது, எடையும் குறைகிறது. எல்டர்க் கொம்பில் இவ்வேலையின் தொடக்கத்தை இயற்கையே செய்துவைத்திருக்கிறது. கொம்பைச் சரியாக நடுவிற் பிளந்தவுடன் சோறு இருந்த கால்வாய் இரு பாதியிலும் நேர்க்கோடாய் ஓடும். தச்சன் நகவுளியை அதன் வழியே விட்டுக்கொண்டு போனால் போதும். குற்றமென்று கருதப்பட்ட குழலே வேலைக்கு வழிகாட்டியாகின்றது.

ஆயினும், இதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் போற்றி, எந்த மரத்தையும் எவ்வளவும் குடையலாம் என்போருடன் உடன்பட இயலாது. உலர்ந்த மரம் பொதுவாக இழுப்பைத் தாங்கும் அளவிற்கு நசுக்கத்தைத் தாங்குவதில்லை. குடைவதனால் முதுகின் பாரம் குறைகிறதென்றால் அப்பாரம் மறைந்துவிடவில்லை. வயிற்றின் இரு ஓரங்களின் மேல் ஏறுகிறது. ஓரங்கள் மெலிந்து கூர்மையாயிருந்தால் அங்கே குறுக்கு வரிகள் தோன்றி மரம் நசுங்கிவிடும். மற்றோர் ஆபத்தும் உண்டு. பாதியாய்ப் பிளந்த மூங்கிற் பிளாச்சைப் புறத்தோல் வெளிப்பக்கமாக இருக்க வளைத்துப் பார்த்தவர் இதனை அறிவர். வளைய வளையப் பிளாச்சின் கூன் தட்டையாகிக்கொண்டே வந்து, அளவு கடந்தால் நடுவில் நெடுகப் பிளக்கும். அவ்வாறே வில்லின் கையும் வளையும்போது தட்டையாக முயல்கிறது. குடைவின் நடுக்கோடு குறுக்குவாட்டில் இழுபட்டு வெடிக்கக் கூடும். இயல்பிலேயே தட்டையான முதுகை உடைய பெருமரத் துண்டைக் குடைவதற்கு ஒரு காரணமும் இல்லை. அது வெறும் அலங்காரம். குடைவு என்பது முதுகு உருண்ட சிறு கொம்புக்கான பரிகாரமேயன்றி, எல்லா வில்லுக்கும் உரிய இலக்கணமன்று.

இனி, கொம்பைத் தெரிவதிலிருந்து வேலையை நோக்குவோம். வளர்ந்த ஒருவனுக்குரிய வில்லுக்கு ஆறடிக்குக் குறையாத, முறுக்கில்லாத கொம்பு வேண்டும். பட்டையின் வரிகள் திருகியிருந்தால் உள்ளே மரமும் திருகியிருக்கும். அதனை விட்டுவிடுவதே நலம். கணுக்களைப் பற்றி எல்டருக்கே உரிய ஒரு குறிப்பு உண்டு. அதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே தோன்றும்; அடுத்த கணுவின் இரண்டும் அவற்றுக்குக் குறுக்காக அமையும். ஆதலால் ஒரு கணுவின் கிளைத்தடத்தைத் தவிர்க்க எண்ணி அதற்கு நேர்குறுக்காகப் பிளந்தால் அடுத்த கணு முதுகின் உச்சியிலோ ஓரத்திலோ வந்து நிற்கும். இரண்டு வரிசைக்கும் நடுவே, சாய்வாகப் பிளவுக்கோடு போட்டால் எல்லாக் கணுக்களும் உச்சிக்கும் ஓரத்துக்கும் இடையில், தீங்கு குறைந்த இடத்தில் விழும். ஆப்பு அடித்துப் பிளப்பதைவிட வாளால் அறுப்பது இங்கே மேலானது. ஆப்பு தன் போக்கிற்போகும்.

வெட்டும் காலம் குளிர்காலம். பறவைகள் கூடு கட்டாத காலமும் அதுவே. வெட்டியவுடன் இரு முனைகளிலும் பசையோ மெழுகோ வர்ணமோ கனமாகப் பூச வேண்டும். உலரும்போது மரம் வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து புறத்தை நோக்கிச் சுருங்குவதினும் ஏறக்குறைய இரு மடங்கு. முழுக் கொம்பாக வைத்தால் வெடிப்பதற்கு இதுவே காரணம். பச்சையாயிருக்கும்போதே பிளந்து, சோற்றை நீக்கி, குடைவையும் பாதியளவு எடுத்துவிட்டால் மரம் எங்கும் ஒரே கனமாயிருப்பதால் சீராக உலரும். பிறகு ஒரு நேரான கட்டையோடு சேர்த்துக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின்னரே உளி வைக்கலாம். அவசரப்பட்டு ஈர மரத்தை வளைத்தவன் வில் வளைந்தபடியே நின்றுவிடும்.

பிடியைக் குடையலாகாது. பிடிக்கு இரு புறமும் சில அங்குலம் திண்மையாக விட்டுக் குடைவு மெல்லத் தொடங்கவேண்டும். திடீரெனத் தொடங்கினால் அவ்விடத்திலேயே முறியும். குதைகளை நெருங்கும் பகுதியைக் குடையாமல், அகலத்தைக் குறைத்துக் கூர்மையாக்குவது வழக்கம். முனையின் எடையே கையின் வேகத்தை மிகவும் தடுப்பது. குடைவின் அடி உருண்டு வழவழப்பாக இருக்க வேண்டும். ஆணி கீறியது போன்ற கூர்ங்கோடு இருந்தால் வெடிப்பு அங்கே ஆரம்பமாகும். ஆகையால் சோற்றுக்கால்வாயின் சுவட்டைக்கூட எஞ்சவிடாமல் சுரண்டி எடுத்துவிடுதல் நன்று. ஓரங்களை அகலமாகவும் உருட்டியும் விட வேண்டும். சுவரின் கனம் இத்தனை அங்குலம் என்று ஓர் அளவை எழுதிவைப்பதில் பயனில்லை. கனம் பத்திலொரு பங்கு குறைந்தாலே விறைப்பு நான்கிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஒரே வேலியில் நின்ற இரண்டு கொம்புகளும் ஒத்திருப்பதில்லை. அளவுகோலை நம்புவதிலும் கண்ணை நம்புவதே மேல். பிடியைச் சுவரில் ஒரு கட்டையின் மேல் பொருத்தி, நாணைக் கயிற்றாலும் உருளையாலும் கீழ்நோக்கி இழுத்து, பத்தடி தள்ளி நின்று, இரு கைகளும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். வளையாத இடத்தில் மட்டும் வயிற்றைச் சிறிது சுரண்டி, நாணைப் பலமுறை மெல்ல இழுத்து விட்டு, மறுபடி பார்க்க வேண்டும். ஒரு குற்றம் கண்டவுடன் அது தீரும்வரை மேற்கொண்டு ஓர் அங்குலமும் இழுக்கலாகாது. நல்ல கொம்பு பாழாவது பெரும்பாலும் இந்த இடத்திற் பொறுமை இழப்பதாலேயே. முடிவில், குடைந்த பகுதியில் சணல் நூலைப் பல இடங்களில் பட்டைபட்டையாகச் சுற்றிப் பசையிட்டால் நெடுகப் பிளக்கும் அபாயம் குறையும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுவது எந்த வில்லுக்கும் கேடு. குடைந்த வில்லுக்கோ இரட்டைக் கேடு.

இத்தனை உழைப்பும் எதற்கு என்று கேட்கப்படலாம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வில்லால் வேட்டையாடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அங்கு வில் இன்று இலக்கை நோக்கி எய்யும் விளையாட்டுக்கே உரியது. அதற்குக் கண்ணாடி இழையாலும் உலோகத்தாலும் செய்த விற்கள் கடைகளில் எளிதாய்க் கிடைக்கின்றன. ஆனால் நல்ல யூ மரம் வாங்கப் பணமில்லாத ஒரு கிராமத்து இளைஞனுக்கு, வேலியோரத்தில் ஒருவரும் விலை கேளாத கொம்பு ஒன்று தன் கையால் வில்லாகும் என்பது சிறிய செய்தியன்று. குடியானவனுக்கும் இதில் பங்கு உண்டு. எரிப்பதற்குங்கூட நல்லதல்லவென்று தள்ளும் கொம்பை ஒருவன் கேட்டு வாங்கிப் போவானாயின், வேலியைப் பற்றி இருவருக்கும் ஒரே அக்கறை ஏற்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, கிராமப்புறத்து வேலியை உள்ளூர் அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் அழிக்க முடியாது. வேலிகள் பெருவாரியாகப் பெயர்க்கப்பட்டபின் வந்த விதி அது. நிற்கும் வேலியைக் காப்பதற்குச் சட்டத்தைவிட அதனால் வரும் பயன் உறுதியான காவல்.

ஆனால் எல்டருக்காக முள்வேலியைக் கெடவிடுவதும் அறிவன்று. வேலிக்காரரும் வில் செய்வோரும் ஒருங்கே ஏற்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. வேலியின் நடுவில் முளைத்ததைத் தயங்காமல் களையலாம். தொழுவத்தின் பின்புறம், எருக்குழியின் ஓரம், வயலின் பயிரேறாத மூலை போன்ற இடங்களில் முளைத்ததை விட்டுவைத்து, ஒருமுறை தரையோடு வெட்டிவிட வேண்டும். மறு வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து நேரான பல தளிர்கள் ஆளுயரத்துக்கு எழும். அவற்றுள் மூன்று நான்கை நிறுத்தி ஏனையவற்றை நீக்கி, நின்றவற்றின் பக்க மொட்டுக்களை ஆறடி உயரம் வரை இளமையிலேயே விரலால் தேய்த்துவிட்டால் கணுவற்ற தண்டு கிடைக்கும். சோறு மெலிந்து தோன்றும் அளவுக்குக் கொம்பு பருக்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். வெட்டிய கட்டை மறுபடியும் தளிர்க்கும். வெட்டும்போது தழையையும் பட்டையையும் கால்நடை நிற்கும் இடத்திற் போடாமல் அப்புறப்படுத்துவது அவசியம்.